சுத்தியலைத் தேடப் போன இடத்தில்

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்றொரு கிராமம். அங்கே ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் எங்கேயோ தவறவிட்டார். அவருடைய நண்பர் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். வேலையிலிருந்து விடைபெற்றபோது பரிசாக வந்த மெட்டல் டிடெக்டர் ஒன்று அவரிடம் இருந்தது. சுத்தியலைத் தேடித் தருகிறேன் என்று அதை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். கருவி கத்திய இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டி வந்தது. பிறகு தங்கச் சங்கிலி, அதன் பிறகு காசுகள், காசுகள், காசுகள்.

இரண்டு பைகள் நிறைந்தன. குழியில் இன்னும் இருந்தது. ஆனால் அவர்கள் மேற்கொண்டு தோண்டவில்லை. காவல்துறைக்கும், நிலத்தின் உரிமையாளரான மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, ஊருக்குத் தெரியாமல், ஒரே நாளில் மிச்சத்தை முறையாக அகழ்ந்து எடுத்தார்கள்.

தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாம் சேர்த்து 15,000-க்குச் சற்றுக் குறைவான ரோமானியக் காசுகள், கூடவே 200 நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும். கண்டெடுத்தவருக்கு அரசு கொடுத்த சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு. அன்றைய சட்டப்படி முழுத் தொகையும் அவருக்கே சேரும். அவர் விவசாய நண்பரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பழைய போர்க்களம், கோட்டை, கைவிடப்பட்ட ஊர் என்று வரலாற்று இடங்களைச் சுற்றி இந்தக் கருவியோடு அலைகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் 17.5 லட்சத்தைத்தான் சொல்வார்கள். நான் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வது, அவர்கள் தோண்டுவதை நிறுத்திய அந்தக் கணத்தை. நிறுத்தியதால் கிடைத்தது என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காசுகளையும் நகைகளையும் வாரி எடுத்திருந்தாலும் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. ஆனால் அவை ஓர் ஓக் மரப் பெட்டியில் இருந்தன என்பது தெரியாமலே போயிருக்கும். மரம் மக்கி, கீல்களும் ஆணிகளும்தான் மிச்சமிருந்தன. அவை கிடந்த இடத்தை வைத்துத்தான் பெட்டியின் அளவைக் கணித்தார்கள். அதற்குள் சிறு பேழைகள் இருந்திருக்கின்றன. அவற்றுக்கு விரல்நுனி அளவில் வெள்ளிப் பூட்டுகள். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் செய்த வேலையாக அது தெரியவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து கட்டிவைத்த மூட்டை. பெண்புலி வடிவத்தில் வெள்ளிக் கைப்பிடி ஒன்று உண்டு. அதைத் தாங்கிய பெரிய ஜாடி அந்தக் குழியில் இல்லை. அந்த வீட்டின் செல்வத்தில் ஒரு பகுதிதான் இங்கே புதைந்தது, மற்றது வேறெங்கோ போயிருக்கிறது என்று அந்த இல்லாத ஜாடி சொல்கிறது. கடைசிக் காசு கி.பி. 407-408-ஐச் சேர்ந்தது. பிரிட்டனிலிருந்து ரோம ஆட்சி கழன்றுகொண்டிருந்த காலம். ஒரு தங்கக் காப்பில் 'ஜூலியானா அம்மணி, இதை மகிழ்ந்து அணிக' என்ற பொருளில் லத்தீன் வரி இருக்கிறது. புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை.

இந்தப் புதையலில் நமக்குப் பங்கு உண்டு. அதில் நான்கு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று, தலை அலங்காரத்தோடு கூடிய சீமாட்டியின் மார்பளவு உருவம். ஒரு சாண்கூட இல்லாத வெள்ளிச் சிலை. அடியில் ஒரு தட்டு சுழலும். ஒரு நிலையில் மூடியிருக்கும், இன்னொன்றில் மிளகுத்தூளை நிரப்பலாம், மூன்றாவதில் சிறு துளைகள் வழியே தூவலாம். உள்ளே போன மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரையில் கப்பலேறியது. பொன்னொடு வந்து கறியொடு (அதாவது மிளகோடு) பெயர்ந்த யவனர் கலங்கள் என்று முசிறியைப் பாடும் சங்கப் பாட்டின் மறுமுனை அந்தச் சாப்பாட்டு மேசை.

அந்தப் பொன்னும் இங்கே கிடைத்திருக்கிறது. 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். புழக்கத்திலிருந்து நீக்கவா, உள்ளே தங்கம்தானா என்று பார்க்கவா என்று இன்றும் விவாதம் ஓடுகிறது. அவற்றின் பக்கத்தில் வெட்டிய உளியோ உலையோ எடைக்கல்லோ கிடந்ததா என்பது தெரிந்திருந்தால் அந்த விவாதம் என்றோ முடிந்திருக்கலாம். காசுகள் மியூசியங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவை கிடந்த குழி போய்விட்டது.

கருவியைப் பற்றியும் கொஞ்சம். கைத்தடி போன்ற கம்பின் நுனியில் வட்டமான கம்பிச்சுருள். அதில் மாறுமின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் படரும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்சுழல்கள் எழும்பி, தமக்கென ஒரு புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் வாங்கிக்கொண்டு காதில் ஒலியாகத் தரும். இரும்புக்கு ஓர் ஒலி, வெள்ளிக்கு ஓர் ஒலி. பழகிய காது பிரித்துச் சொல்லும். ஆனால் குளிர்பான டின்னின் திறப்பு வளையமும் சிறு தங்க மோதிரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கத்தும். அதனால் இந்தப் பொழுதுபோக்கில் பத்து வருடம் கழித்தவர் வீட்டில் டின் வளையங்கள்தான் குவிந்திருக்கும். ஒரு காசை இதனால் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம்வரை உணர முடியும். பூதம் காக்கும் குடங்களையெல்லாம் இது காட்டாது.

1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே என்று தேட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவி செய்து பார்த்தார், பலிக்கவில்லை. கையில் தூக்கிப் போகிற வடிவம் பரவலானது இரண்டாம் உலகப் போரில். போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காணும் கருவி எல் அலமைன் போரில் பயன்பட்டது. காப்புரிமை கேட்காமல் அதை பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். போர் முடிந்ததும் அந்தத் தொழில்நுட்பம் மெல்ல மெல்லப் பொதுமக்கள் கைக்கு வந்தது. எழுபதுகளில் இங்கிலாந்தில் விலை இறங்கி, வார இறுதியில் வயல்வெளியெங்கும் காதில் ஹெட்போனோடு ஆட்கள் தென்பட ஆரம்பித்தார்கள்.

தொல்லியலாளர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. 1980-ல் 'எங்கள் கடந்த காலத்தை எடுத்துப் போகாதே' என்ற பொருளில் ஒரு பிரசாரமே நடத்தினார்கள். எதிர்த்தரப்போ, மண்ணில் உரமும் ஏரும் தின்றுகொண்டிருக்கிற காசை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வருடா வருடம் உழுகிற நிலத்தில் மேல் ஒரு அடி மண் ஏற்கெனவே புரண்டு கலைந்துதான் கிடக்கிறது. அதற்குள் இருக்கும் காசை எடுப்பதால் மண்ணடுக்கு கெடாது; எந்த இடத்தில் எடுத்தோம் என்று குறித்துவைத்தால் போதும். உழாத நிலமும், ஏர் எட்டாத ஆழமும் வேறு கதை. அங்கே ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். மண்வெட்டி இறங்கினால் அது திரும்ப வராது.

சண்டையின் உச்சம் சர்ரே பகுதியில் இருக்கும் வான்பரோ. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு ரோமானியக் கோயில் இருந்த வயலில் காசுகள் கிடைத்தன. கண்டவர்கள் நேர்மையாகத் தெரிவித்தார்கள். விசாரணையின்போது வயல் இருக்கும் இடத்தைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இரவிரவாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான காசுகள் போயின. பிடிபட்டவர்களைத் தண்டிக்கவும் சட்டம் சரியாக ஒத்துழைக்கவில்லை. காரணம், அன்றைய விதிப்படி ஒரு பொருள் புதையல் ஆக வேண்டுமென்றால், அதைப் புதைத்தவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தார் என்று நிரூபிக்க வேண்டும். கோயிலுக்குக் காணிக்கையாகப் போட்ட காசை யார் திரும்ப எடுக்க நினைப்பார்கள்?

சர்ரே தொல்லியல் சங்கம் விடாமல் போராடியதில் 1996-ல் புதிய புதையல் சட்டம் வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 300 ஆண்டுக்கு மேல் பழையது, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ளது என்றால் அது புதையல்; காசானால் குறைந்தது இரண்டாவது சேர்ந்து கிடைத்திருக்க வேண்டும். புதைத்தவர் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வி போய்விட்டது. புதையல் என்று தெரிந்து 14 நாளுக்குள் கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதே அதிகாரிதான் அங்கே புதையலையும் விசாரிப்பார். மியூசியம் வேண்டும் என்றால், ஒரு குழு சந்தை விலையை மதிப்பிடும். அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பெரும்பாலும் சரிபாதி.

சந்தை விலை என்ற சொல்லில்தான் சூட்சுமம். திருட்டுத்தனமாக விற்றால் கிடைப்பதைவிட நேர்மையாகச் சொன்னால் அதிகம் கிடைக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். கூடவே இன்னொரு ஏற்பாடு: புதையல் கணக்கில் வராத சாதாரணப் பொருள்களையும் பதிந்துவைக்க, பகுதிக்கு ஒரு தொடர்பு அலுவலர். செம்புக் கொக்கியோ, ஈயக் குண்டோ, கிடைத்த இடத்தைச் சொல்லி அவரிடம் காட்டலாம். படமெடுத்து, எழுதிக்கொண்டு, பொருளைத் திருப்பித் தந்துவிடுவார். அந்தத் தரவுத்தளத்தில் இன்று 15 லட்சத்துக்கு மேல் பொருள்கள் இருக்கின்றன. ஓர் அகழாய்வுத் துறை நூறு ஆண்டு தோண்டினாலும் இவ்வளவு இடங்களைத் தொட்டிருக்காது.

அப்படியும் எல்லோரும் நேர்மையாக இருந்துவிடவில்லை. 2015 ஜூனில் இரண்டு பேர் ஹெரிஃபோர்டுஷயரில் லெம்ஸ்டர் அருகே ஒரு வயலில் தோண்டினார்கள். ஆங்கிலோ-சாக்ஸன் காலத் தங்க மோதிரம், தங்கப் பட்டையில் பொதிந்த படிகப் பதக்கம், காப்பு, கூடவே சுமார் 300 வெள்ளிக் காசுகள். நிலத்துக்காரரிடம் சொல்லவில்லை. அதிகாரிகளிடம் கிடைத்ததில் ஒரு சிறு பகுதியை மட்டும் காட்டினார்கள். மற்றதை வியாபாரிகள் வழியாகச் சில்லறையாக விற்றார்கள். போலீஸ் கைப்பேசியைச் சோதித்தபோது, அழிக்கப்பட்ட புகைப்படங்கள் மீண்டு வந்தன: மண் ஒட்டியபடி, அப்போதுதான் வெளியே வந்த குவியல். 2019 நவம்பரில் தீர்ப்பு. ஒருவருக்கு 10 ஆண்டு, மற்றவருக்கு எட்டரை ஆண்டு. பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அதுவரை மீட்க முடிந்த காசுகள் சுமார் 30 மட்டும். 2023-ல் தீர்ப்பான வேறொரு வழக்கில் 44 காசுகள் பிடிபட்டிருந்தன. அவையும் அந்தக் குழியிலிருந்து வந்தவை என்று நம்பப்படுகிறது.

இழந்தது வெறும் வெள்ளி என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் இங்கிலாந்தின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த நேரம். தெற்கே வெஸ்ஸெக்ஸ் நாட்டில் மன்னர் ஆல்ஃபிரட், நடுவே மெர்சியா நாட்டில் மன்னர் இரண்டாம் கியோல்வுல்ஃப். ஆல்ஃபிரட் வழியினர் எழுதிவைத்த வரலாற்றுக் குறிப்பு கியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை, புத்தியில்லாத அரசப் பணியாள் என்று ஒதுக்கித் தள்ளியது. ஆயிரம் ஆண்டுகள் எல்லோரும் அதையே நம்பினார்கள். இந்தக் காசுகளில் ஒரு வகை உண்டு: இரண்டு பேரரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்த படம், பழைய ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தது. அதே படத்தை ஆல்ஃபிரடும் அச்சிட்டிருக்கிறார், கியோல்வுல்ஃபும் அச்சிட்டிருக்கிறார். சமமான இரு கூட்டாளிகளின் நாணயம். ஜெயித்தவர்கள் பின்னாளில் கூட்டாளியை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். மண் மட்டும் அவரை வைத்திருந்தது.

இதை இன்று உறுதியாகச் சொல்ல முடிவது இன்னொரு மனிதரால். அதே 2015, அக்டோபர் மாதம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாட்லிங்டன் அருகே ஒருவர் இதே காலத்துப் புதையலைக் கண்டார். தோண்டி எடுக்காமல் தொடர்பு அலுவலரைக் கூப்பிட்டார். அவர் வந்து, காசுகளைப் பிரிக்காமல், மண்கட்டியோடு அப்படியே பெயர்த்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபின் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். சுமார் 200 காசுகள். இரு மன்னர்களின் இரட்டைப் பேரரசர் காசுகள் ஒரே கட்டியில் ஒட்டிக்கிடந்தன. ஆஷ்மோலியன் மியூசியம் 13.5 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. லெம்ஸ்டர் ஆட்களும் அந்த அலுவலரைக் கூப்பிட்டிருந்தால், அவர்களுக்கும் நிலத்துக்காரருக்கும் லட்சக்கணக்கில் வந்திருக்கும், சிறையும் கிடையாது.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. 2010-ல் கம்ப்ரியாவில் கிராஸ்பி காரெட் என்ற ஊரருகே ரோமானியக் குதிரைவீரனின் வெண்கலத் தலைக்கவசம் கிடைத்தது. முகமூடியோடு கூடிய அழகான பொருள். தங்கமோ வெள்ளியோ இல்லாததால் புதையல் அல்ல என்றாயிற்று. ஏலத்துக்குப் போய் சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு ஒரு தனியாரிடம் போனது. பொதுமக்களிடம் பணம் திரட்டிய கார்லைல் மியூசியத்தால் எட்ட முடியவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2023 வரை ஆனது. 200 ஆண்டுக்கு மேற்பட்ட, அசாதாரண முக்கியத்துவம் உள்ள பொருள் எந்த உலோகமானாலும் புதையல் என்று அந்த ஆண்டு விதியை விரித்தார்கள்.

ஆனால் வரலாற்று இடங்களைச் சுற்றித் தேடுகிறவர்கள் அதிகம் எடுப்பது இந்த இரண்டு கணக்கிலும் வராத ஈயக் குண்டுகளைத்தான். ஒன்றுக்கு விலையே இல்லை. போர்க்களத்திலோ அதுதான் எழுத்து. 1485-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் வீழ்ந்த பாஸ்வொர்த் களம் ஆம்பியன் குன்று என்று சொல்லி அங்கே பார்வையாளர் மையம்கூடக் கட்டிவிட்டார்கள். 2005 முதல் தொல்லியலாளர் க்ளென் ஃபோர்டின் குழு மெட்டல் டிடெக்டர்களோடு வயல் வயலாக நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பீரங்கி, துப்பாக்கி ஈயக் குண்டுகள் கிடைத்தன. எல்லாம் குன்றிலிருந்து தள்ளி, தென்மேற்கே தாழ்ந்த நிலத்தில். பழைய சதுப்பின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில், பொன்முலாம் பூசிய வெள்ளிப் பன்றிச் சின்னம் ஒன்று. காட்டுப்பன்றி ரிச்சர்டின் சின்னம். அவர் பக்கத்து ஆள்தான் அதை அணிந்திருக்க முடியும்.

இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை இன்னும் துலக்கமாகக் காட்டியது அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள லிட்டில் பிக்ஹார்ன். 1876 ஜூன் 25-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டா, ஷெயென் பூர்வகுடி மக்கள் அங்கே வீழ்த்தினார்கள். கஸ்டரோடு நின்ற சுமார் 210 பேரில் ஒருவரும் தப்பவில்லை. 1983-ல் காட்டுத்தீ பிடித்துப் புல்லெல்லாம் எரிந்து களம் மொட்டையானது. 1984, 85-ல் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி, இடைவெளி விட்டு, டிடெக்டரோடு நடக்கவிட்டார்கள். கருவி கத்தினால் ஒரு சிறு கொடியை நட்டுவிட்டு நகர வேண்டும். குனிந்து எடுக்கக் கூடாது. பின்னால் வரும் குழு மண்ணை விலக்கி, பொருளை அசைக்காமல் காட்டும். மூன்றாவது குழு இடத்தை அளந்து குறித்த பிறகுதான் பொருள் பைக்குள் போகும். இப்படி ஆயிரக்கணக்கான பொருள்கள்.

துப்பாக்கிக் குழல் ஒவ்வொன்றும் தோட்டா மேல் தனக்கென ஒரு கீறலை விடும். ஊசி வெற்றுத் தோட்டாவின் அடியில் ஒரு வடுவை விடும். போலீஸ் ஆய்வகத்தில் பார்ப்பதுபோல அவற்றை ஒப்பிட்டார்கள். ஒரே துப்பாக்கியின் வெற்றுத் தோட்டாக்கள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கிடந்தால், அதைப் பிடித்திருந்தவர் நகர்ந்த வழி வரைபடத்தில் கோடாக எழும். பூர்வகுடிகள் கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் இருந்தன, தொடர்ந்து சுடும் ரைஃபிள்கள் உட்பட. கடைசி மனிதன்வரை அணிவகுத்து நின்று போராடினார்கள் என்று ஓவியங்களில் தீட்டிய கதைக்கு மண்ணில் ஆதாரம் மெலிந்தது. படை சிதறி, ஒழுங்கு குலைந்து, சீக்கிரம் முடிந்தது என்றார் ஃபாக்ஸ். களத்தில் நின்ற லகோட்டா, ஷெயென் வீரர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே சொன்னது இதைத்தான். அவர்கள் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பித்தளைத் தோட்டாக்கள் சாட்சி சொன்ன பிறகே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டாக்களை நூறு நினைவுப்பொருள் வேட்டைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பொறுக்கியிருந்தால் அந்தச் சாட்சியும் இருந்திருக்காது.

நம் நாட்டில் இன்றும் நிலைத்திருப்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டுவரை சிறை. அரசு அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். கொடுக்க வேண்டியது அந்த உலோகத்தின் மதிப்பும், கூட அதில் ஐந்தில் ஒரு பங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நூற்றாண்டின் ரோமானியப் பொற்காசு ஒன்று ஏறத்தாழ எட்டு கிராம், நம் ஒரு சவரன். சட்டப்படி வருவது ஒன்றேகால் சவரனுக்கும் குறைந்த விலை. நாணயச் சந்தையில் அதன் மதிப்பு இதைவிடப் பல மடங்கு. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பானை கிடைத்த கதைகள் நம் ஊரில் வெளியே வருவதே பங்கு பிரிப்பதில் தகராறு வந்தால்தான். அந்தக் கூலியாட்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பதில் கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தையது. நம் கோயில்களையும் கோட்டைகளையும் சுற்றி ஆளுக்கொரு டிடெக்டரோடு இறங்குங்கள் என்று நான் சொல்லவரவில்லை; பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், அது அப்படியே இருக்கட்டும். தற்செயலாகக் கிடைக்கிறவருக்கு நியாயமான விலையும், மாவட்டத்துக்கு ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும் என்கிறேன்.

கரூரில் டிடெக்டருக்குத் தேவையே இருக்கவில்லை. அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கைக்கே ரோமானியக் காசும் சேரர் காசும் வந்தன. 'மாக்கோதை' என்றும் 'கொல்லிப்புறை' என்றும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த காசுகள் நமக்குத் தெரியவந்தது அப்படித்தான். மாக்கோதை காசில் ஒரு சேர மன்னனின் பக்கவாட்டு முகம் இருக்கிறது. ரோமானியக் காசைப் பார்த்து, ஆனால் தன் பெயரைத் தன் எழுத்தில் போட்டுக்கொண்ட முகம். அந்தக் காசுகள் சலித்தவரிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து சேகரிப்பாளருக்கும் போயின. காலத்தைக் கணிக்க அறிஞர்களுக்கு மிஞ்சியது எழுத்தின் வடிவம்தான். ஆற்றின் எந்த வளைவில், எவ்வளவு ஆழத்தில், எந்த ரோமானியக் காசின் பக்கத்தில் அந்த முகம் கிடந்தது என்பது சல்லடை பிடித்தவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்கவில்லை.